அரைப் பசு

விதைக் கம்பெனி காலண்டரில் ஜூலைத் தாளைக் கிழித்து
பின்பக்கம் திருப்பி எழுதுகிறேன்:
முப்பத்தெட்டுப் பசு.
தலைக்கு நாளொன்றுக்குப் பதினாலு கிலோ.
இதுவரை ஒரெஸ்ட் வாய் திறக்கவில்லை.
எத்தனை நாள் என்று கேட்டதும்தான் சண்டை.

நூற்றெண்பது என்கிறான்.
இருநூறு என்கிறேன்.
"மே முதல் வாரமே புல் தலைகாட்டிவிடும்."
"போன வருஷம் மே பன்னிரண்டில்
வேலிக் கம்பம் முழங்கால்வரை பனியில் நின்றது."
"அது போன வருஷம்."
அவன் வருஷா வருஷம் சொல்லும் பதில் அது.

மனிடோபாவில், இரண்டு ஏரிகளுக்கு நடுவில்,
குளிர்காலம் யார் காலண்டரையும் பார்ப்பதில்லை.
இருநூறு என்றே எழுதினேன்.
பென்சில் என் கையில் இருந்தது.

மிதிபடுவது, மட்குவது,
ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிப்பது,
தின்னாமல் மேலே படுத்துக்கொள்வது
(மாடுகளுக்கு மெத்தை நாம்தான் வாங்கித் தருகிறோம்)
நூற்றுக்குப் பதினைந்து.
ஆக நூற்றிருபத்திரண்டு டன்.
மழை பொய்த்த எங்கள் நிலம் தந்தது நாற்பத்தைந்து.
மிச்சம் எழுபத்தேழை வாங்க வேண்டும்.

ஸ்டெய்ன்தோர் நல்ல மனிதன்.
உருளை எண்பது டாலர், அறுநூறு கிலோ இருக்கும் என்றான்.
"இருக்கும்" என்ற சொல்லை அவன் சொன்ன விதம்
எனக்குப் பிடிக்கவில்லை.
நூற்றிருபத்தொன்பது உருளை,
வங்கி கொடுத்த கடைசி டாலர்வரை அதிலேயே போயிற்று.

முதல் லாரியை தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏற்றினேன்.
பத்து உருளை, ஐயாயிரத்து நூற்றிருபது கிலோ.
மறுபடி ஏற்றினேன்.
எடைமேடைக்கு என் மேல் இரக்கம் வரவில்லை.

ஸ்டெய்ன்தோரிடம் சொன்னபோது
தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான்,
குறைந்த எண்பத்தெட்டுக் கிலோவும்
அங்கே கிடப்பதுபோல.
"வறண்ட வருஷம், புல்லில் கனம் இல்லை" என்றான்.
அதுவும் உண்மைதான்.

மறுபடி பென்சில்.
பதினோரு டன் துண்டு விழுகிறது.
ஒரு பசுவின் குளிர்காலத்தால் அதை வகுத்தால்
மூன்றரை.

மூன்றரைப் பசுவை விற்க வேண்டும்.

பதினேழாம் எண், சினை பிடிக்கவில்லை.
எட்டாம் எண், பல் தேய்ந்தது.
ஐம்பத்திரண்டு, போன கன்றை
மடியில் வாய் வைக்க விடாமல் உதைத்தவள்.
மூன்றையும் ஏலத்துக்கு ஏற்றினோம்.
பதினேழு மட்டும் ஏற்றுப்பலகையில் நின்று
திரும்பிப் பார்த்தது, என்னை அல்ல,
தொட்டியில் மிச்சமிருந்த தீவனத்தை.

அரைப் பசுவை யாரும் வாங்குவதில்லை.
"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான் ஒரெஸ்ட்,
எப்படி என்று சொல்லாமல்.

இன்று பிப்ரவரி இரண்டு.
பாதிக் குளிர்காலம், பாதிப் புல் மிஞ்சியிருக்க வேண்டும்
என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.
மைனஸ் முப்பத்தொன்று.
காலைத் தீவனம் போட்டுவிட்டு எண்ணினேன்.
கண்ணிமை ஒட்டிக்கொள்ள, மறுபடி எண்ணினேன்.
நூற்றாறு உருளை.
என் கணக்கில் இன்னும் நூற்றாறு நாள்.
நாளுக்கு ஒன்றுக்கும் கொஞ்சம் மேல் வேண்டும்,
அந்தக் கொஞ்சம்தான் இல்லை.

முப்பத்தைந்தும் காற்றுத் தடுப்புக்குப் பின்னால்
முதுகெல்லாம் பனியோடு நிற்கின்றன.
பனி உருகவில்லை.
உருகாமல் இருப்பது நல்லது:
உள்ளிருக்கும் சூடு வெளியே கசியவில்லை.
வரிசையாக ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன்,
இதில் எது அந்த அரை என்று.
எல்லாமே முழுசாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

வீட்டுக்குள் வந்து கையுறையைக் கழற்றினேன்.
"எத்தனை?" என்றான் ஒரெஸ்ட்.
"இருக்கிறது" என்றேன், ஸ்டெய்ன்தோரின் குரலில்.

அவனுக்குத் தெரியாமல்
காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தேன்.
இருநூறின் மேல் பென்சிலை வைத்து
ரொம்ப நேரம் நின்றேன்.
நூற்றெண்பது என்றால் போதும், தாராளமாகப் போதும்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக
இந்த மனுஷன் சொன்னது சரியாக இருக்கட்டும் என்று
மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.